முதலில் இரண்டு சதுர மீட்டர் இண்டர்லாக்கைப் பெயர்த்தெடுங்கள்

முன்குறிப்பு: இதில் திட்டு வாங்கும் ஆட்களில் முதல் ஆள் நான். அதனால் கோபப்படுகிறவர்கள் வரிசையில் எனக்குப் பின்னால் நின்றுகொள்ளவும் :-)

போன வாரம் ஒரு பிறந்தநாள் விழா. ஸ்கார்பரோவில்தான். சாப்பிட்டு முடித்துக் கை கழுவுகிற இடத்தில் நண்பர் ஒருவர் செல்பேசியைக் காட்டினார். ஊரில் இருக்கும் அவருடைய அம்மா அப்பாவுக்கு ஆன்லைனில் ஒரு தோட்டப்பெட்டி அனுப்பியிருக்கிறாராம். கறுப்புத் தட்டு, தேங்காய் நார்த்தூள் கட்டி, மூடி போட்ட குட்டிக் கண்ணாடிக்கூடு மாதிரி ஒன்று, பதினெட்டு வகை விதை. "வயசான காலத்துல அவங்களுக்கும் ஒரு பொழுதுபோக்கு பாருங்க" என்றார். சுற்றி நின்ற நாலு பேரும் தலையாட்டி, லிங்க் அனுப்பச் சொல்லிக் கேட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அங்கே பேசாததை இங்கே எழுதுகிறேன்.

தயவுசெய்து அனுப்பாதீர்கள்.

என் ஊர் காஞ்சிரங்குளம். நெய்யாற்றின்கரை தாலுகா. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடும் கல்குளமும் தோவாளையும் அகஸ்தீசுவரமும் மதராசுக்குப் போக, எங்கள் தாலுகா கேரளத்தில் நின்றுவிட்டது. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், சண்டை போடும்போது இரண்டும். இதைச் சொல்லக் காரணம் உண்டு. எங்கள் பக்கம் கத்தரிக்காயை வழுதலங்காய் என்போம், கீரையைச் சீரை என்போம், தென்னையும் மரச்சீனியும் நிற்கிற நிலத்தை விளை என்போம். கீழே இந்த வார்த்தைகள் வரும், விழிக்க வேண்டாம்.

என் அம்மா நாற்று போடுகிற ஆள். பெரிய விவசாயம் எதுவும் இல்லை. கிணற்றங்கரைக்குக் கிழக்கே ஒரு பாத்தி, ஒரு கட்டில் அளவு. வழுதலை, மிளகாய், சீரை இந்த மூன்றுக்கும் அங்கேதான் பிறப்பு. வீட்டுக்குப் போக மிச்ச நாற்று அக்கம்பக்கத்துக்கு. மேற்கு வீட்டு மாமிக்குப் பத்து, கீழ்விளைச் சித்திக்குப் பதினைந்து, யாராவது புதிதாகக் குடிவந்தால் அவர்களுக்கும். காசு வாங்கிப் பார்த்ததில்லை. திரும்ப வருவது கருவேப்பிலையாகவோ சேம்பாகவோ இருக்கும்.

அந்தப் பாத்தியை நான் சின்ன வயதில் தினமும் மிதித்துத் திட்டு வாங்கியிருக்கிறேன். ஆனால் அதன் இடத்தை ஏன் அங்கே தேர்ந்தெடுத்திருந்தாள் என்று யோசித்ததே இல்லை. காலை வெயில் முழுசாக விழும். மத்தியானம் தாண்டினால் மேற்கே நின்ற பிலா மரத்தின் நிழல் மெதுவாக வந்து மூடும். நிலம் லேசாகச் சரிந்திருக்கும், மழைத்தண்ணீர் நிற்காது. பாத்தி ஒரு சாண் உயரம். விதைக்கும் முன்னால் மேலே காய்ந்த சருகைப் பரப்பிக் கொளுத்துவாள். ஆறின பிறகு சாம்பலையும் பொடித்த காய்ந்த சாணியையும் கலந்து அரிப்பில் சலித்த மண்ணைப் போடுவாள். சீரை விதை என்றால் காய்ந்த மணலோடு கலந்து தூவுவாள், இல்லாவிட்டால் ஒரே இடத்தில் கொத்தாக விழும். அதோடு ஒரு பிடி ரவை. ரவை எறும்புக்கு! எறும்பு அதைத் தூக்கிக்கொண்டு போகட்டும், விதை பிழைக்கட்டும் என்று லஞ்சம். மேலே தென்னோலை. முளை கண்ட அன்று சாயங்காலம் ஓலையை எடுத்துவிட வேண்டும், மறுநாள் காலை வரை காத்திருந்தால் தண்டு வெளுத்து நீண்டுவிடும். தண்ணீர், துளை போட்ட சிரட்டை வழியாக.

"பிள்ளைக்குப் பாலு குடுக்கது போல ஆக்கும் மக்களே. கூடிப்போனாலும் சாவும், கொறஞ்சுபோனாலும் சாவும்" என்பாள்.

இந்தப் பாத்தி 2011-ல் போனது. கொன்றது நானும் என் தம்பியும்தான். அவன் ஷார்ஜாவில், நான் அப்போது கனடா வந்து மூன்றாவது வருடம். இரண்டு பேரும் காசு போட்டு வீட்டை எடுத்துக்கட்டினோம். வீடு கட்டினால் முற்றம் வேண்டாமா? முற்றம் என்றால் இண்டர்லாக் கல். சாம்பல், சிவப்பு, சாம்பல், சிவப்பு என்று கேட்டிலிருந்து கிணறு வரைக்கும். பிலா மரத்தின் வேர் கல்லைத் தூக்கிவிடும் என்று காண்டிராக்டர் சொன்னார், மரத்தையும் வெட்டினோம். கார் வந்தால் திருப்புவதற்கு இடம். எங்கள் வீட்டில் கார் கிடையாது. நாங்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வாடகைக் காரில் வந்து இறங்கும்போது திருப்புவதற்கு.

நெய்யாற்றின்கரையிலிருந்து பூவாறு வரைக்கும் ஒரு தடவை பஸ்ஸில் போய்ப் பாருங்கள். பாறசாலைப் பக்கமும் இதே கதைதான். வெளியூர்க் காசு வந்த வீடு எது என்று கூரையைப் பார்க்க வேண்டாம், தரையைப் பார்த்தாலே தெரியும். கேட்டுக்குள்ளே ஒரு பிடி மண் தெரியாது. மழை பெய்தால் தண்ணீர் நேராக ரோட்டுக்கு ஓடும். மீன மாதத்தில் கிணறு வற்றுகிறது என்று அதே வீட்டில் அழுகையும் கேட்கும்.

சரி, பாத்தியைக் கொன்றாகிவிட்டது. அடுத்து என்ன செய்வோம்? குற்ற உணர்ச்சி வருமே, அதற்குப் பெட்டி வாங்கி அனுப்புவோம். நான் அனுப்பக்கூட இல்லை, 2019 மார்ச்சில் கையில் கொண்டே போனேன்.

இங்கே குளிர் நாட்டில் தோட்டம் போடுகிறவர்களுக்கு இந்தச் சடங்கு தெரியும். மார்ச் கடைசியில் பேஸ்மெண்டில் டியூப்லைட்டுக்கு அடியில் தக்காளி விதைப்போம். தட்டுக்கு அடியில் சூடேற்றும் மெத்தை, மேலே ஈரம் காக்கும் மூடி. மே 25-க்கு முந்தின திங்கள் வருகிற விக்டோரியா தினம் தாண்டினால்தான் உறைபனிக்குப் பயமில்லாமல் வெளியில் நடலாம். அதற்கு முன் ஒரு வாரம் பத்து நாள் தினமும் கொஞ்ச நேரம் வெளியே வைத்துப் பழக்க வேண்டும். இதெல்லாம் டொரொண்டோவில் சரியான காரியம். வளர்பருவம் குட்டை, மண் சில்லிட்டிருக்கும், அதனால் வீட்டுக்குள்ளே ஆறேழு வாரம் திருடிக்கொள்கிறோம். ஒவ்வொரு உபகரணமும் குளிருக்கு ஒரு பதில்.

காஞ்சிரங்குளத்தில் அந்தக் கேள்வியே கிடையாது. தக்காளி விதை முளைக்க 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் போதும், எங்கள் ஊர் மண் வருடம் பூராவும் அந்தச் சூட்டில் சும்மா கிடக்கிறது. எட்டரை டிகிரி அட்சரேகைக்கும் கீழே இருக்கிற ஊர். மிகக் குறுகிய பகலுக்கும் மிக நீண்ட பகலுக்கும் நடுவே வித்தியாசம் ஒரு மணி நேரம்கூட வராது. டொரொண்டோவில் அது ஆறு மணி நேரத்துக்கும் மேல். அதனால்தான் இங்கே கடையில் வாங்குகிற நீண்ட பகல் வெங்காய விதையை ஊரில் போட்டால் தாள் மட்டும் வரும், வெங்காயம் வராது. பதினாலு மணி நேர வெளிச்சம் கேட்கிற சாதிக்குப் பன்னிரண்டரை மணி நேரத்தைக் காட்டினால் அது என்ன செய்யும் பாவம்.

எங்கள் ஊரில் நாற்றைக் கொல்லும் ஆட்களே வேறு. உச்சி வெயில். இடவப்பாதி மழை. மழையோடு வரும் அழுகல். எறும்பு, நத்தை, கோழி. செம்மண்ணின் புளிப்பு. எல்லாவற்றுக்கும் மேலே மண்ணுக்குள் இருக்கிற வாடல் நோய், அதைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். இதில் ஒன்றுக்காவது அந்தப் பெட்டிக்குள் பதில் இருக்கிறதா? மூடி இருக்கிறது. முப்பத்திரண்டு டிகிரியில், எண்பது சதவிகித ஈரத்தில் இருக்கிற நாற்றுக்கு மூடி!

நான் போட்டேன். மொட்டைமாடியில்தான் போட்டேன், கீழே மண் ஏது? 98 குழித் தட்டு இரண்டு. நாலாம் நாள் பிரமாதமாக முளைத்தது. படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன். ஆறாம் நாள் மூடிக்குள் பாதி நாற்று இடுப்பொடிந்து சாய்ந்து கிடந்தது. மண்ணோடு ஒட்டிய இடத்தில் தண்டு நூலாகச் சுருங்கிப்போயிருந்தது. நாற்றழுகல். பித்தியம் போன்ற கிருமிகளுக்கு அடர்த்தியும் ஈரமும் காற்றில்லாமையும் போதும், மூன்றையும் மூடி போட்டுக் கொடுத்தவன் நான்.

மூடியை எடுத்தேன். இப்போது கான்கிரீட் தன் வேலையைக் காட்டியது. அந்தக் குழியில் பிடிப்பது ஒரு கரண்டி நார்த்தூள், அது பத்து மணிக்கெல்லாம் காய்ந்து, ஓரத்தை விட்டு விலகி நின்றது. அம்மா ஒரு நாளைக்கு மூன்று தடவை வாளியைத் தூக்கிக்கொண்டு படி ஏறினாள். அப்போது அவளுக்கு எழுபத்தொன்று. நான் கீழே லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு பொட்டி தட்டிக்கொண்டிருந்தேன். (விடுமுறையிலும் ஆபீஸ் விடாதே!)

நார்த்தூளிலும் கோளாறு. சரியாகக் கழுவாத நார்த்தூளில் உப்பு நிற்கும், இலை ஓரம் கருகும். பூவாறு காயல் பக்கம் கதம்பையை அழுகப்போட்டுக் கயிறு திரித்த ஊர்க்காரனுக்கு இது தெரியாமல் போனதுதான் கேவலம். எங்கள் ஊரிலேயே மலிந்து கிடக்கிற கதம்பைத் தூளைக் கட்டியாக்கி, அட்டை சுற்றி, ஆன்லைனில் என் அம்மாவுக்கே விற்ற வியாபாரத்துக்கு நான் கார்டு தேய்த்தேன்.

விதையைப் பற்றியும் ஒன்று. நான் கொண்டுபோனது பிராண்டிவைன், அமெரிக்கப் பழைய தக்காளி, இங்கே ருசிக்குப் பெயர்போனது. அப்படி விதையைப் பெட்டியில் மறைத்துக் கொண்டுபோவது சட்டப்படி தப்பு. 2003-ம் வருடத்துத் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் விதை இந்தியாவுக்குள் போகக் கூடாது. விதையோடு நோயும் பயணம் செய்யும், அதற்காகத்தான் சட்டம். அன்றைக்கு எனக்கு அது பெரிதாகப் படவில்லை, இன்றைக்கு வெட்கமாக இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், செடியின் கணக்கே ஒத்துவராது. தக்காளிக்கு இரவு இருபது டிகிரிக்கு மேலே போகப்போகப் பூ உதிரும், மகரந்தம் வேலை செய்யாது. காஞ்சிரங்குளத்தில் மேடமாதத்து ராத்திரி 25 டிகிரிக்குக் கீழே இறங்காது. வடக்கத்திக் குளிர் ராத்திரியில் பழகின சாதியைக் கொண்டுவந்து விசிறிக்கு அடியில் படுக்கவைத்தால் எப்படி?

நான் திரும்பிவந்த பிறகு மிஞ்சியது ஏழு செடி. அம்மா அவற்றை விளை மண் நிரப்பிய பைகளில் நட்டாள். இடவப்பாதி தொடங்கிப் பத்து நாளில், ஒரு மத்தியானம், பச்சை இலையோடு எல்லாம் தலைதொங்கிவிட்டன. வீடியோ காலில் நான் சொன்னேன், "தண்ணி கூடிப்போச்சும்மா". அவள் பதில் சொல்லவில்லை. மறுநாள் கிருஷிபவனுக்கு ஒரு செடியைப் பிடுங்கிக்கொண்டு போயிருக்கிறாள். அங்கே இருந்தவர் தண்டை வெட்டி ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் தொங்கவிட்டுக் காட்டினாராம். வெட்டின வாயிலிருந்து பால் நூல் மாதிரி வடிந்திருக்கிறது.

அதுதான் பாக்டீரியா வாடல். ரால்ஸ்டோனியா சோலனேசியாரம். 1896-ல் எர்வின் ஸ்மித் என்கிற அமெரிக்கர் முதலில் விவரித்தார். வெப்பமான ஈரமான மண்ணில் வருடக்கணக்காக உயிரோடு இருக்கும். தக்காளி, வழுதலை, மிளகாய் மூன்றையும் தாக்கும். வந்த பிறகு மருந்து கிடையாது. எங்கள் ஊரில் தக்காளி வராது என்று என் அம்மாவும் ஆச்சியும் சொல்லிவந்ததற்குப் பின்னால் இருந்த ஆசாமி இவர்தான்.

இந்த இடத்தில் இன்னொரு கூட்டத்தோடும் நான் சண்டை போட வேண்டும். "பாத்தீங்களா, பாட்டி வைத்தியமே சரி, நவீனமெல்லாம் ஏமாத்து" என்று புறப்படுகிற கூட்டம். நிறுத்துங்கள் ஐயா. என் அம்மாவுக்குத் தக்காளி வளர்க்கத் தெரியாது. அவளுடைய அம்மாவுக்கும் தெரியாது. அதைச் சாத்தியமாக்கியது விஞ்ஞானம்தான், ஆனால் ஒண்டாரியோ விஞ்ஞானம் இல்லை. கேரள வேளாண் பல்கலைக்கழகம் வாடலைத் தாங்குகிற தக்காளி என்று சக்தி, முக்தி, அனகா வெளியிட்டது. வழுதலையில் சூர்யா, ஸ்வேதா, ஹரிதா, நீலிமா. மிளகாயில் உஜ்வலா, அனுக்ரஹா. அந்தப் பல்கலைக்கழகத்தின் வெள்ளாயணி வேளாண் கல்லூரி 1955-லிருந்து எங்கள் ஜில்லாவிலேயே இருக்கிறது. காஞ்சிரங்குளத்தில் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம். நான் 43 டிகிரி வடக்கிலிருந்து விதை கடத்திக்கொண்டிருந்தேன்!

மண்ணின் புளிப்புக்குச் சுண்ணாம்பு போட வேண்டும், நடுவதற்குப் பத்துப் பதினைந்து நாள் முன்னாலேயே போட வேண்டும், உரத்தோடு சேர்த்துப் போடக் கூடாது என்பதும் அம்மாவுக்குக் கிருஷிபவன் சொல்லித்தான் தெரியும். சாம்பல் கொஞ்சம் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது, முழுசாக இல்லை. சுண்டைச் செடியின் வேர்மேல் வழுதலையை ஒட்டுக்கட்டினால் வாடல் தொடாது என்பதும் புது அறிவுதான். அதே சமயம், பாத்தியில் சருகு கொளுத்துவது மேல்மண்ணைச் சூடாக்கி நோய்க்கிருமியைக் குறைக்கும், அது அவளுக்கு முன்பே தெரியும். தெளிந்த பாலித்தீன் விரித்து ஒரு மாதம் வெயிலால் மண்ணை வேகவைக்கிற முறையை இஸ்ரேலில் 1970-களில் ஆராய்ந்து எழுதினார்கள், கோடையில் அது நம் ஊருக்கு அருமையாகப் பொருந்தும். எங்கிருந்து வந்தது என்பது பிரச்சினை இல்லை. எந்த வெயிலுக்குச் சொன்னது என்று பார்க்க வேண்டும்.

தட்டும் கெட்ட பொருள் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் நாற்றுப்பண்ணைகளில் அதே 98 குழித் தட்டில் லட்சக்கணக்கில் தக்காளி நாற்று வளர்க்கிறார்கள். அவர்கள் தலைக்கு மேலே பாதி வெயிலை மறைக்கும் நிழல்வலை கட்டியிருக்கிறார்கள், பக்கத்தில் ஆள் நிற்கிறது. கான்கிரீட் மாடியில் எழுபத்தொரு வயதுக்காரி ஒருத்தியை நிற்கவைக்கவில்லை.

பழக்கப்படுத்துவது என்று இங்கே சொன்னேனே, அதுவும் அங்கே வேறு. ஊரில் நாற்று இருபத்தைந்து நாள் தாண்டி நாலைந்து இலை விட்டதும் தண்ணீரைக் குறைக்க வேண்டும், ஒரு வாரம். அதுதான் பயிற்சி. தண்டு கொஞ்சம் கெட்டிப்படும். பிடுங்குகிற அன்று காலையில் மட்டும் தாராளமாக ஊற்றுவாள் அம்மா, வேரோடு மண் வரட்டும் என்று. நடவு சாயங்காலம்தான், நாலு மணிக்கு முன்னால் தொட விடமாட்டாள். நட்ட ஒவ்வொன்றுக்கும் வாழைப்பட்டையை வளைத்துக் குடை மாதிரிக் குத்திவைப்பாள். நாலு நாள். வெண்டை, பயறு, பாவல், புடல் இவற்றுக்கு நாற்றே போடமாட்டாள், நேரே குழியில் விதைதான். வேரை அசைத்தால் அதுகளுக்குப் பிடிக்காது. நான் கொண்டுபோன பெட்டியின் கையேட்டில் வெண்டைக்கும் தட்டு என்று போட்டிருந்தது.

சரி, ஏழு தக்காளி செத்தது பெரிய நஷ்டமா? அதற்காகவா இவ்வளவு கூப்பாடு? இல்லை.

அம்மாவிடம் ஒரு வழுதலை இருந்தது. வெள்ளையில் ஊதா வரி, நீளவாக்கில், காம்பில் முள் கிடையாது. ஆச்சி கல்யாணமாகி வரும்போது தேங்காய்ப்பட்டணம் பக்கத்திலிருந்து முந்தியில் முடிந்துகொண்டு வந்தது என்பார்கள். வருடம்தோறும் ஒரு காயைப் பழுக்கவிட்டு, விதையைக் கழுவி, சாம்பலில் புரட்டி, நிழலில் உலர்த்திக் குப்பியில் போட்டுவைப்பாள். இண்டர்லாக் வந்த பிறகும் கிணற்றுச் சுவரோரம் ஒரு உடைந்த சிமெண்ட் தொட்டியில் அதற்கு மட்டும் நாற்று போட்டுவந்திருக்கிறாள். நான் அதைக் கவனிக்கவே இல்லை.

2019-ல் அந்தத் தொட்டியை நான் காலி செய்தேன், என் நார்த்தூளைக் கலக்க. "இந்த வருசம் பழைய விதை வேண்டாம்மா, எல்லாம் புதுசா பண்ணுவோம்" என்று சொன்னேன். குரலை உயர்த்திக்கூடச் சொல்லவில்லை. மகன் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருகிறான், அவன் ஆசைப்படுகிறான் என்று அவள் விட்டுவிட்டாள்.

2020-ல் ஊரடங்கு. கேரள அரசு சுபிக்ஷ கேரளம் என்று திட்டம் போட்டு எல்லோரையும் காய்கறி போடச் சொன்ன நேரம். அம்மா குப்பியை எடுத்து விதைத்தாள். ஒன்றுகூட முளைக்கவில்லை.

குளிர் நாட்டில் மேசை இழுப்பறையில் போட்ட விதைப் பொட்டலம் நாலைந்து வருடம் கழித்தும் முளைக்கும். அதைப் பார்த்துப் பழகிய மூளை, ஒரு வருடம் விதைக்காவிட்டால் என்ன போயிற்று என்று நினைக்கும். விதைக்குள் இருக்கிற ஈரம் ஒரு சதவிகிதம் குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும், சூடு ஐந்தாறு டிகிரி குறைந்தாலும் இரட்டிப்பாகும் என்று விதை இயலில் ஹாரிங்டன் பெயரில் ஒரு கணக்கு உண்டு. அதைத் தலைகீழாகப் போட்டுப் பாருங்கள், காஞ்சிரங்குளத்துக் குப்பியின் கதை தெரியும். முன்பு குப்பி விறகடுப்புக்கு மேலே பரணில், புகையில் காய்ந்துகொண்டு இருந்தது. புது வீட்டில் விறகடுப்பு ஏது? மாடுலர் கிச்சன் அல்லவா கொடுத்தோம். எங்கள் ஊர் மாதிரி இடத்தில் ஒரு விதையை வைத்திருப்பது என்றால் வருடம்தோறும் விதைப்பதுதான். ஒரு வருடம் விட்டாள், என் பேச்சைக் கேட்டு. போய்விட்டது.

போனில் சொல்லும்போது அழவில்லை. "பழகின சாமானம் போச்சுது மக்களே" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை, சாப்பிட்டாயா என்று கேட்டாள்.

கேரளத்தில் ஒரு கதை சொல்வார்கள். பறங்கிக்காரர்கள் மிளகுக் கொடியைப் பிடுங்கிக்கொண்டு போகிறார்களே என்று யாரோ சாமூதிரியிடம் புலம்பினார்களாம். கொடியைத்தானே கொண்டுபோகிறார்கள், திருவாதிரை ஞாற்றுவேலையைக் கொண்டுபோக முடியுமா என்று பதில் வந்ததாம். ஜூன் கடைசி வாரமும் ஜூலை முதல் வாரமும் வருகிற அந்த மழைக்காலம், வெயிலும் மழையும் மாறிமாறி, கம்பை ஊன்றினாலும் வேர் பிடிக்கிற நாட்கள். கதை நடந்ததோ இல்லையோ, கணக்கு சரி. கொண்டுபோக முடியாது என்று அவர்களைப் பார்த்துச் சிரித்தோம். இப்போது நாம் டொரொண்டோ மார்ச் மாதத்தைப் பெட்டியில் போட்டு ஊருக்கு அனுப்புகிறோம்.

இதே தவறைக் குளிரே இல்லாத நாட்டில் இருந்துகொண்டும் செய்யலாம். தம்பி ஷார்ஜாவில் மார்ச்சில் விதைத்து மே மாதம் கருவாடாக்கினான். அங்கே விதைப்பு செப்டம்பர் அக்டோபரில், குளிர்காலம்தான் அங்கே காய்கறிக் காலம். பக்கத்து அறை பாகிஸ்தானித் தோட்டக்காரரிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார். அவன் வீடியோ பார்த்தான்.

நண்பர் சொன்ன பொழுதுபோக்கு விஷயத்துக்கு வருகிறேன். அது நியாயமான பேச்சு, அதைத் தள்ள முடியாது. தனியாக இருக்கிறவர்களுக்குக் காலையில் எழுந்து பார்க்க ஒரு உயிர் வேண்டும்தான். 2015 வாக்கில் தமிழ்நாட்டுக் காய்கறியில் மருந்து என்று கேரளம் முழுக்கப் பேச்சு எழுந்தபோது, அதன் பிறகு மாடியெங்கும் பை முளைத்தபோது, என் அம்மா வயதுக்காரர்கள் எத்தனையோ பேர் சந்தோஷமாகத்தான் இறங்கினார்கள். நான் கேட்பது வேறு. அவர்களுக்குத் தெரியாத ஒன்றை நாம் கற்றுக்கொடுக்கிற தோரணை எதற்கு? நாற்பது வருடம் நாற்று போட்டவளுக்கு நான் வீடியோ காலில் தண்ணீர் அளவு சொன்னேன். பெட்டி போகிற ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கிழவியிடம் ஏதோ ஒரு குப்பி இருக்கும். முதலில் அதில் என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறோமா?

உண்மையாகவே செய்ய ஆசை என்றால் காசை வேறு பக்கம் செலவழியுங்கள். கிணற்றுப் பக்கம் இரண்டு சதுர மீட்டர் கல்லைப் பெயர்த்தெடுக்க ஒரு ஆளுக்கு அரை நாள் கூலி. கீழே இருக்கிற பாறைப்பொடியை ஒரு முழம் ஆழத்துக்கு அள்ளிவிட்டு நல்ல மண் கொட்ட இன்னொரு கூலி. மத்தியானத்துக்கு மேல் நிழல் விழ ஒரு முருங்கையோ, அதுவரை நாலு கம்பும் ஒரு துண்டு நிழல்வலையுமோ. சுண்ணாம்பு ஒரு பொட்டலம். விதை, கிருஷிபவனிலோ வெள்ளாயணியிலோ. சீரை என்றால் எங்கள் தாலுகாவிலேயே விளாத்தாங்கரைச் சீரை இருக்கிறது, ரத்தச் சிவப்பு, அகல இலை, வெட்ட வெட்டத் துளிர்க்கும். இதற்கு லிங்க் கிடையாது, போன் போட்டு ஆள் பிடிக்க வேண்டும்.

2023 டிசம்பரில் போனபோது நானே கடப்பாரை எடுத்தேன். இரண்டு கல்லுக்குள் இடுப்பு பிடித்துக்கொண்டது, பிறகு கூலிக்குத்தான் ஆள். மொத்தம் எழுபத்திரண்டு கல். மேற்கு வீட்டு மாமி மதிலுக்கு மேலே எட்டிப்பார்த்து, "காசு குடுத்துப் போட்டதக் காசு குடுத்து எடுக்கியளா" என்று சிரித்தார். பிலா மரம் இருந்த இடத்தில் கல்லைத் தூக்கியதும் பழைய வேர், உளுத்துப்போய், பொடியாக வந்தது. அம்மா அதைக் கையால் அள்ளிப் பாத்திக்கே போடச் சொன்னாள்.

அந்த மாமிதான் பத்து நாள் கழித்து ஒரு காகிதப் பொட்டலம் கொண்டுவந்தது. கீழ்விளைச் சித்தியின் மருமகள் வீட்டில், திருப்புறத்தில், அம்மா எப்போதோ கொடுத்த நாற்றிலிருந்து பிடித்த விதை இன்னும் போட்டுவருகிறார்களாம். அம்மா விதைத்தாள். நான் திரும்பிவந்த பிறகு காய்த்தது. வரி இருக்கிறது, நீளமும் சரி. ஆனால் காம்பில் முள் இருக்கிறது. வழுதலையில் தேனீயும் வண்டும் பக்கத்துச் செடி மகரந்தத்தைக் கொஞ்சம் கலந்துவிடும், அங்கே அவர்கள் வேறு சாதியும் வளர்த்திருப்பார்கள். ஐம்பது செடி போட்டு முள் இல்லாததாகப் பார்த்து நாலைந்து வருடம் விதை எடுத்துவந்தால் பழையது திரும்புமோ என்னவோ என்று நான் போனில் ஆரம்பித்தேன்.

"நீ பேயாம இரி. இப்பம் எழுபத்தாறு ஆச்சு எனக்கு" என்றாள். அப்புறம் அவளே, "முள்ளு இல்லாத ரெண்டு செடி ஒண்டு. அதுல ஒரு காய விட்டு வச்சிருக்கேன்" என்றாள்.